நெல்லும் பல்லும்

எங்கள் ஊரில் நெல் காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. களத்தில் பரப்பியிருக்கும் நெல்லில் ஒரு கை அள்ள வேண்டும். அதில் ஒரு மணியை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிக்க வேண்டும். 'நறுக்'கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது. பல்லின் கீழ் நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் காண வேண்டும். பூதப்பாண்டியில் பழையாற்றுத் தண்ணீரை நம்பி வயல் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் இந்த வித்தை தெரியும். என் தாத்தா இதில் சமர்த்தர். கடித்துவிட்டு ஒன்றும் பேச மாட்டார். உமியைத் துப்பிவிட்டுத் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான், சாக்கு பிடிக்க ஆரம்பித்துவிடலாம்.

தாத்தாவின் பல்லுக்கு ஓர் எதிரி இருந்தது. அது நெல் வியாபாரியின் பல். அவரும் அதே குவியலில் அள்ளி, அதே மாதிரிதான் கடிப்பார். தாத்தாவிடம் 'நறுக்'கென்று உடைந்த நெல் வியாபாரியின் வாய்க்குள் போனதும் எப்படியோ ஈரமாகிவிடும். "இன்னும் பதம் வரல்லியே" என்று சொல்லிக்கொண்டே கோட்டைக்கு இவ்வளவு என்று விலையைக் குறைப்பார். தாத்தா வாதாடிப் பார்ப்பார். பல்லுக்கும் பல்லுக்கும் நடக்கிற வழக்கில் யார் தீர்ப்புச் சொல்வது? பணம் யார் மடியில் இருக்கிறதோ அவர் பல் ஜயித்துவிடும்.

அப்புறம் யந்திரம் வந்தது. சர்க்கார் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதம் பார்ப்பதற்கு ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பிடி நெல்லை அதில் போட்டால் எண் வந்து நிற்கும். 17 சதவீதம் வரை வாங்கிக்கொள்வதாக விதி. மழை பெய்து கெடுத்த வருஷங்களில் விதியைத் தளர்த்துவதும் உண்டு. பெட்டிக்கு மாமன் மச்சான் கிடையாது, மடியில் பணமும் கிடையாது. ஆகவே விவசாயிகள் அதை வரவேற்றார்கள். சில அறுவடைகள் போன பிறகு ஒரு விஷயம் புரிந்தது. குவியலின் மேலே அள்ளினால் ஓர் எண் வருகிறது, அடியில் கையை விட்டு அள்ளினால் வேறோர் எண் வருகிறது. பெட்டி பொய் சொல்வதில்லை. எங்கே அள்ளுவது என்று தீர்மானிக்கிற கை மட்டும் பழையபடி மனுஷக் கையாகவே இருக்கிறது.

இது புஸ்தக விமரிசனம். நெல்லைப் பற்றி இவ்வளவு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். நான் எடுத்துக்கொண்டிருக்கும் புஸ்தகம் கம்ப்யூட்டர்க்காரர்களுக்காக எழுதப்பட்டது. அதை எனக்குப் புரிந்த பாஷையில் படிப்பதற்கு இந்த நெல்லை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை. கல்லூரியில் இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுந்தவன் நான். அந்த இரண்டு வருஷத்திலும் கணக்கு வாத்தியார் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

புஸ்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தவன் என் தங்கை மகன். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில், கழக்கூட்டத்தில் இருக்கும் டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். 1956 வரையில் நாங்கள் திருவிதாங்கூர்ச் சீமைக்காரர்கள்தானே. உத்தியோகத்துக்கு அனந்தபுரிக்குப் போவது நாஞ்சில் நாட்டுக்காரனுக்குப் புதிசு அல்ல. அந்தக் காலத்தில் கச்சேரிக் குமாஸ்தாவாகப் போனார்கள், இப்போது சாப்ட்வேர் எழுதப் போகிறார்கள். சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கட்கிழமை விடியற்காலை போய்விடுவான். ஒரு சனிக்கிழமை வந்தவன் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கு முதலில் ஒன்றுமில்லை என்றான். பிறகு சொன்னான்.

அவர்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்குப் பில் போடும் சாப்ட்வேர் செய்து கொடுக்கிறது. கவுண்ட்டரில் இருக்கிற குமாஸ்தா எந்தப் பொத்தானை எத்தனை தடவை அழுத்துகிறார் என்ற கணக்கு தினமும் இணையத்தின் வழியாகக் கம்பெனிக்கு வந்து சேர்ந்துவிடும். திரையில் பொத்தான்கள் பெருகிவிட்டன, சிலவற்றை எடுத்துவிடலாம் என்று தீர்மானித்து, எதை எடுப்பது என்று பார்க்கும் பொறுப்பை இவனிடம் விட்டிருக்கிறார்கள். இவன் கணக்கைப் பார்த்தான். ஒரு பொத்தானை யாருமே தொடுவதில்லை என்று தெரிந்தது. அதை எடுத்துவிடலாம் என்று எழுதினான். அந்த ஆபீஸில் நாகர்கோவிலைச் சேர்ந்த பழைய ஆள் ஒருவர் இருக்கிறார். இவன் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான். அவர் மட்டும், "எனக்கு என்னமோ சரியாப் படல்ல தம்பி, அது கெடந்துட்டுப் போகட்டும்" என்றிருக்கிறார். ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. காரணம் சொல்லத் தெரியாதவருக்காகக் கணக்கை ஒதுக்க முடியுமா? எடுத்துவிட்டார்கள்.

இணைய இணைப்பு அறுந்துபோனால் பில் போட்டு அச்சடிப்பதற்கான பொத்தான் அது. ஐப்பசி மாசத்தில் ஒரு நாள் ராத்திரி மழையில் ஓர் ஊரில் இணைப்புப் போய்விட்டது. பில் வராமல் வீட்டுக்குப் போக முடியாத நோயாளிகளும், அவர்களை அழைத்துப் போக வந்தவர்களும் விடிகிற வரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை பெற்று மூன்றாம் நாளான ஒருத்தியும் அதில் இருந்தாளாம். பிறகு விசாரித்தபோதுதான் வெளியே வந்தது: அந்தப் பொத்தானை மழைக்காலத்தில் அடிக்கடி உபயோகித்துத்தான் இருக்கிறார்கள். ஆனால் இணைப்பு இல்லாத நேரத்தில் அழுத்துவது எப்படிக் கணக்கில் வந்து சேரும்? கணக்கு வந்து சேர வேண்டியதும் அதே இணைப்பின் வழியாகத்தானே! எவ்வளவு அவசியமாக அழுத்தினார்களோ அவ்வளவு நிச்சயமாக அது எண்ணப்படாமல் போயிருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு அவன் பையிலிருந்து புஸ்தகத்தை எடுத்தான். "மாமா, இதைப் படிச்சுப் பாருங்க. நான் செய்தது தப்புன்னா இதிலே எழுதியிருக்கதும் தப்பு" என்றான். தங்கை மகன் சொல்லைத் தட்டுவது நாஞ்சில் நாட்டில் அவ்வளவு லேசான காரியம் இல்லை. மருமக்கள் வழி ஒழிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, கவிமணி அதைக் கேலி செய்து தனியாக ஒரு மான்மியமே பாடினார், ஆனாலும் மாமன்மார்களுக்குப் பழைய பயம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. படித்தேன்.

ரான் கோஹாவி, டயான் டாங், யா ஷூ என்ற மூன்று பேர் சேர்ந்து எழுதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழக அச்சகம் 2020ல் வெளியிட்ட புஸ்தகம் அது. மைக்ரோஸாப்ட், கூகிள், லிங்க்ட்இன் ஆகிய ஸ்தாபனங்களில் இருந்து பழகியவர்கள். நம்பத்தகுந்த சோதனைகளைச் செய்வது எப்படி என்பது விஷயம். சோதனை என்று அவர்கள் சொல்வது இதைத்தான்: ஒரே பக்கத்தை இரண்டு தினுசாகச் செய்து, வருகிறவர்களில் குருட்டாம்போக்காகப் பாதிப் பேருக்கு ஒன்றையும் மறுபாதிப் பேருக்கு இன்னொன்றையும் காட்டி, எதில் பலன் அதிகம் என்று எண்ணிப் பார்ப்பது. இதற்கு அவர்களுடைய வட்டாரத்தில் ஏ-பி டெஸ்ட் என்று பெயர். நடை வறட்சி. நாவல் படிக்கிறவர்கள் இதில் சுவை எதிர்பார்த்தால் ஏமாந்து போவார்கள். ஆனால் நடுநடுவே சொல்லியிருக்கும் சில கதைகளை எந்த நாவலாசிரியனும் பொறாமையோடுதான் படிப்பான்.

முதல் கதை மைக்ரோஸாப்டின் பிங் என்ற தேடும் யந்திரத்தைப் பற்றியது. 2012ல் அங்கே வேலை பார்த்த ஒருவர் ஒரு யோசனை சொன்னார். விளம்பரத்தின் தலைப்பு வரியோடு அதற்கு அடுத்த வரியையும் சேர்த்துத் தலைப்பை நீளமாக்கலாம் என்பது யோசனை. இப்படி நூற்றுக்கணக்கில் யோசனைகள் வரும். இது பெரிய காரியமாக யாருக்கும் படவில்லை. ஆறு மாசத்துக்கு மேல் தூசி படிந்து கிடந்தது. செய்வது சுலபம்தானே என்று ஒருவர் கடைசியில் செய்து சோதனைக்கு விட்டார். சில மணி நேரத்தில் அபாய மணி அடித்தது. வருமானம் சந்தேகப்படும்படி ஏறியிருக்கிறது, எங்கேயோ பிழை இருக்க வேண்டும் என்பது அந்த மணியின் அர்த்தம். பிழை ஒன்றும் இல்லை. வருமானம் 12 சதவீதம் ஏறியிருந்தது. அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல். அத்தனை மேதாவிகளில் ஒருவர் மனசிலும் இது படவில்லை.

அவர்கள் தரும் இன்னொரு கணக்கு நம் போன்றவர்களைக் கொஞ்சம் கூனிக்குறுக வைக்கக்கூடியது. மைக்ரோஸாப்டில் நன்றாக இருக்கும் என்று நம்பிச் செய்து சோதித்த யோசனைகளில், உத்தேசித்த பலனைக் கொடுத்தவை மூன்றில் ஒரு பங்குதான். பிங் மாதிரி ஏற்கெனவே பல தடவை சீர்படுத்தப்பட்ட இடங்களில் அது இன்னும் குறைவு. தேர்ந்த ஆட்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு, மூளையைக் கசக்கிச் சொன்ன யோசனைகள் அவை. இதைப் படித்ததும் என் நாவல்களை மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்துக்கொண்டேன். இதுதான் நிற்கும் என்று நான் அடித்துச் சொன்ன நாவல் முதல் பதிப்போடு படுத்துக்கொண்டது. பத்திரிகைக்காரர் விரட்டியதால் வாரத்துக்கு வாரம் ராத்திரி கண்விழித்து எழுதித் தள்ளிய ஒன்றைத்தான் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் ஞாபகப்படுத்துகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு என்பது எனக்கு அதிகமோ என்று தோன்றுகிறது.

இந்த ஆசிரியர்களுக்கு ஒரு பிராணி பிடிக்காது, அது நீர்யானை. சபையில் அதிகச் சம்பளம் வாங்குகிறவருடைய அபிப்பிராயம் என்பதை இங்கிலீஷில் எழுதி, வார்த்தைகளின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் நீர்யானையின் பெயர் வந்துவிடுகிறது. சின்ன உத்தியோகஸ்தன் நல்ல யோசனை ஒன்றைச் சொல்வான், நீர்யானை ஒரு தடவை கனைக்கும், யோசனை செத்துப்போகும். அமேஸான் கம்பெனியில் கிரெக் லிண்டன் என்ற இளைஞருக்கு இது நேர்ந்தது. கடைக்கூடையில் சாமான் போட்டவருக்கு அதோடு சேர்ந்து பிடிக்கக்கூடிய வேறு சாமான்களையும் காட்டலாம் என்றார் அவர். மேலதிகாரி ஒருவர், பணம் கொடுக்கப் போகிறவனைத் தடுத்து நிறுத்துவதாகும் என்று சொல்லி, வேண்டாம் என்று தடுத்துவிட்டார். லிண்டன் தடையை மீறிச் சோதனை செய்தார். எண்கள் அவர் பக்கம் பேசின. இன்றைக்கு அந்த ஏற்பாடு இல்லாத கடை இணையத்தில் இல்லை. நீர்யானை யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் ஊர் நெல் வியாபாரிதான்! எண் என்பது இளைத்தவனுக்கு ஒரு துணை. தாத்தாவிடம் அந்தப் பெட்டி இருந்திருந்தால் கோட்டைக்கு அவ்வளவு நஷ்டப்பட்டிருக்க மாட்டார். உள்ளுணர்வின் மகிமையைப் பாடுகிற எழுத்தாளர்கள், நானும் அதில் ஒருவன், யாருடைய உள்ளுணர்வு என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

நிறம் பற்றிய கதையையும் சொல்லிவிட வேண்டும், அது ரொம்பப் பிரசித்தமாகிவிட்டது. கூகிளில் தொடுப்பு எழுத்துக்களுக்கு எந்த நீலம் என்பதற்கு 41 நீலங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். டக்ளஸ் போமன் என்ற சித்திர வேலைக்காரர் இந்த மாதிரிச் சூழ்நிலையில் தன்னால் வேலை செய்ய முடியாது என்று 2009ல் ராஜிநாமா செய்துவிட்டுப் போய்விட்டார். கலைஞர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். 2014ல் அந்த ஸ்தாபனத்தின் பிரிட்டிஷ் கிளைத் தலைவர், நீலத்தை மாற்றியதில் வருஷத்துக்கு 20 கோடி டாலர் கூடுதலாக வந்தது என்றார். கை தட்டியவர்கள் இதற்கு என்ன பதில் சொன்னார்கள் என்று நான் கேள்விப்படவில்லை. போமன் கோபித்துக்கொண்டதும் நியாயம், டாலர் வந்ததும் வாஸ்தவம். இரண்டையும் சேர்த்து நம்புவதில் எனக்குச் சிரமம் இல்லை.

இனி நான் சண்டை போடப் போகிற இடம். அந்த இடத்தை அவர்களே காட்டிக் கொடுக்கிறார்கள், அதுதான் புஸ்தகத்தின் நாணயம். பிங்கில் ஒரு தடவை பிழை ஒன்று நுழைந்து, தேடுகிறவர்களுக்கு மட்டமான பதில்கள் வர ஆரம்பித்தன. எண்கள் என்ன சொல்லின தெரியுமா? ஆளுக்குத் தேடல்கள் 10 சதவீதம் கூடிவிட்டன, வருமானம் 30 சதவீதம் கூடிவிட்டது. பதில் மோசமானதால் ஜனங்கள் திரும்பத் திரும்பத் தேடினார்கள். விளம்பரங்களாவது உருப்படியாகத் தோன்றியதால் அவற்றைத் தொட்டார்கள். வெறும் எண்ணை மட்டும் பார்க்கிறவன் என்ன செய்வான்? பிழையைச் செய்தவனுக்கு மாலை போடுவான். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. நமக்கு வேண்டியது இது இல்லை, ஓர் ஆள் எத்தனை தடவை திரும்பி வருகிறான் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று அளவுகோலை மாற்றிக்கொண்டார்கள்.

நல்லது. மாற்ற வேண்டும் என்று எந்த எண் சொல்லிற்று? எந்த எண்ணும் சொல்லவில்லை. 30 சதவீதம் என்று ஜொலிக்கிற ஓர் எண்ணைப் பார்த்து, 'எனக்கு என்னமோ சரியாப் படல்ல' என்று யாரோ ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒருவரைத்தான் நான் புஸ்தகம் முழுக்கத் தேடினேன். அவர் வாசல் வழியாக வந்து கொல்லை வழியாகப் போய்விடுகிறார். சோதனையை எப்படிப் பிரிப்பது, எத்தனை நாள் நடத்துவது, எண்ணில் தற்செயல் எவ்வளவு, இதற்கெல்லாம் அத்தியாயம் அத்தியாயமாக வழி இருக்கிறது. எதை எண்ணுவது என்பதற்கும் விதிகள் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. ஒன்று ஏறும்போது வேறு எது இறங்கக் கூடாது என்று காவல் வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் அந்த விதிகளைக் கையில் எடுப்பவன் எங்கிருந்து வருகிறான், அவனுக்கு அந்த ஞானம் எப்படிச் சித்தித்தது என்று ஒரு பக்கம்கூட இல்லை. குவியலில் எங்கே அள்ளுவது என்று தீர்மானிக்கிற கையைப் பற்றி, பெட்டி செய்கிறவர்கள் பேச மாட்டார்கள் போலிருக்கிறது.

அந்தக் கையைப் பற்றிப் பேசியவர்கள் வேறு இரண்டு பேர். 2002ல் பொருளாதாரத்துக்காக நோபல் பரிசு வாங்கிய டேனியல் கானமன் உள்ளுணர்வு எத்தனை விதமாக நம்மை ஏமாற்றுகிறது என்று ஆயுள் முழுவதும் ஆராய்ந்தவர். காரி கிளைன் தீயணைப்புப் படைத் தலைவர்களின் கூடவே இருந்து, உள்ளுணர்வு எப்படி உயிரைக் காப்பாற்றுகிறது என்று பார்த்தவர். கிளைன் சொல்கிற ஒரு சம்பவம்: வீட்டின் பின்பக்கத்தில் தீ, படைத் தலைவர் ஆட்களோடு உள்ளே நின்று தண்ணீர் அடிக்கிறார், தீ அடங்கவில்லை. திடீரென்று எல்லோரையும் வெளியே ஓடச் சொல்கிறார். வெளியே வந்ததும் அவர்கள் நின்ற தரை உள்ளே இறங்கிவிடுகிறது. தீ கீழே, நிலவறையில் இருந்திருக்கிறது. தனக்கு ஏதோ அமானுஷ்ய சக்தி இருப்பதாகத்தான் அவரே நம்பிக்கொண்டிருந்தார். விசாரித்துப் பார்த்தால், அவ்வளவு சிறிய தீக்கு அவ்வளவு சூடு இருக்கக் கூடாது, அவ்வளவு சூட்டுக்கு அவ்வளவு நிசப்தம் இருக்கக் கூடாது என்று அவருடைய உடம்பு கணக்குப் போட்டிருக்கிறது. கணக்குப் போட்டது அவருக்கே தெரியாது.

எதிரெதிரான இந்த இரண்டு பேரும் பல வருஷங்கள் வாதாடி, 2009ல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பதில் தங்களுக்குள் பெரிய பேதம் இல்லை என்று கண்டார்கள். விஷயம் ஓர் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டதாக இருக்க வேண்டும்; மனுஷனுக்கும் தன் தப்பு தப்புதான் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்புப் பல தடவை கிடைத்திருக்க வேண்டும். என் தாத்தாவின் பல்லுக்கு இரண்டும் இருந்தன. ஈர நெல்லைக் கட்டினால் பத்தாயத்தில் முளைவிடும், இல்லாவிட்டால் பூஞ்சைக் காளான் பூக்கும். தப்பு மூக்குக்கு வந்து சேர்ந்துவிடும். வியாபாரியின் பல் தப்புச் சொன்னால் நஷ்டம் தாத்தாவுக்குத்தான், ஆகவே அந்தப் பல் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கம்பெனி மேலதிகாரிகளில் சிலரது உள்ளுணர்வும் அந்த ரகம்தான் என்று மருமகன் சொல்கிறான். அவன் சொல்வதை நான் அப்படியே ஒப்புக்கொள்வதில்லை, இந்த விஷயத்தில் ஒப்புக்கொண்டேன்.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். இந்தச் சோதனைகளுக்கு ஜனத்தொகை வேண்டும். லட்சக்கணக்கில் ஆட்கள் வந்து போகிற இடத்தில்தான் பாதிப் பாதியாகப் பிரித்து எண்ண முடியும். இன்னும் பிறக்காத சாமானுக்கு யாரை எண்ணுவது? நம் சென்னையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. கிரீஷ் மாத்ருபூதம் ஸோஹோ கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். வாடிக்கையாளர்களுடைய புகார்களைக் கவனிக்கும் சாப்ட்வேர் செய்வதில் அங்கே வருஷக்கணக்கில் கை பழகியவர். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தபோது சாமானோடு வந்த டெலிவிஷன் பெட்டி உடைந்துபோயிருந்தது. நஷ்டஈடு கேட்டு மாசக்கணக்கில் எழுதியும் பிரயோஜனம் இல்லை. நாலு பேர் படிக்கிற இடத்தில் புகாரைப் போட்டார், பணம் வந்துவிட்டது. இன்னொரு நாள், புகார் சாப்ட்வேர் விற்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி விலையை ஏற்றிவிட்டதைப் பற்றி முன்பின் தெரியாத யாரோ எழுதியிருந்த சில வரிகளைப் படித்தார். நியாயமான விலையில் ஒன்று செய்தால் எடுபடும் என்று மனசில் பட்டது. 2010ல் வேலையை விட்டு பிரெஷ்டெஸ்க் கம்பெனியை ஆரம்பித்தார். 2021ல் அது பிரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போயிற்று.

புள்ளிவிவரக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஓர் உடைந்த பெட்டியும் ஒரு கடிதமும் புள்ளிவிவரம் ஆகாது. இதே மாதிரி மனசில் பட்டு வேலையை விட்டுவிட்டுத் தெருவில் நின்றவர்களை யார் எண்ணினார்கள் என்று கேட்பார்கள். கேள்வி சரியானது. ஜயித்தவர் கதையைத்தான் நாமெல்லோரும் எழுதுகிறோம். இருந்தாலும் அந்தச் சில வரிகளை எத்தனையோ பேர் படித்திருப்பார்கள். அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். வருஷக்கணக்கில் அதே தொழிலில் பழகிய கண்ணுக்குத்தான் அது நெல்லா, பதரா என்று தெரிந்தது.

என் சொந்தக் கதை ஒன்றும் இருக்கிறது. அதனால்தான் இந்தப் புஸ்தகத்தை இவ்வளவு சிரத்தையாகப் படித்தேனோ என்னவோ.

கைபேசியில் கதை படிக்கிறவர்களுக்காக நடக்கும் ஒரு ஸ்தாபனத்துக்கு இப்போது ஒரு தொடர்கதை எழுதிவருகிறேன். அங்கேயிருந்து ஒரு பெண் மாசத்துக்கு ஒரு தடவை எனக்குப் படம் அனுப்புகிறாள். மலைச்சரிவு மாதிரி இருக்கும். அத்தியாயத்தின் ஆரம்பத்தில் இத்தனை பேர், இந்தப் பாராவில் இத்தனை பேர் படிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று அதில் தெரியும். ஆறாவது அத்தியாயத்தில் இரண்டு இடத்தில் சரிவு செங்குத்தாக விழுந்திருந்தது. "சார், இந்த ரெண்டு இடத்தையும் எடுத்துட்டா நல்லாருக்கும்" என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் பதில் எழுதவில்லை. மூன்றாம் நாள் அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன்.

முதல் இடம் ஆற்று வர்ணனை. மூன்று பாரா. தாடகை மலை, அதன் மேல் மேகம், பழையாற்றில் வெள்ளம், கரையில் தாழை. எழுதும்போது எனக்குப் பரம சந்தோஷமாக இருந்தது. இப்போது படித்தால், கதையை நிறுத்தி வைத்துவிட்டு நான் ஊர்ப் பெருமை பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. வாசகர்கள் ஓடிப்போனது நியாயம். என் மனைவியும் கையெழுத்துப் பிரதியிலேயே அந்த இடத்தில் கொட்டாவி விட்டாள். நான் அதை எண்ணாமல் விட்டுவிட்டேன்.

இரண்டாவது இடம் ஒரு கிழவி. மருமகள் செத்துப் பதினாறு முடிந்து எல்லோரும் போன பிறகு, அடுக்களையில் உட்கார்ந்து, சீதனமாக வந்த பாத்திரங்களைச் சம்பந்தி வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்காக ஒவ்வொன்றாக எண்ணி வைக்கிறாள். உருளி, செம்பு, குத்துவிளக்கு, கோரிக்கை. எண்ணிக்கை அவளுக்குத் தப்பித் தப்பிப் போகிறது. அவ்வளவுதான் அந்தப் பக்கம். அங்கேயும் அதே செங்குத்து. அதற்கு முந்தின வாரம் தோவாளைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எனக்கு எழுதியிருந்தார்: பாத்திரம் எண்ணுகிற இடத்துக்கு வந்ததும் போனை மூடிவிட்டேன், இரண்டு நாள் எடுக்கவில்லை, பிறகுதான் மீதியைப் படித்தேன் என்று. அந்தப் படத்தில் இவரும் ஓடிப்போனவர்களில் ஒருவர். கொட்டாவி விட்டவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டவரும் அதில் ஒரே புள்ளி. ஒரு கடிதத்தை வைத்து எல்லோரும் அப்படித்தான் மூடினார்கள் என்று நான் சாதிக்க மாட்டேன், சில பேர் கிழவியின் கணக்கு அலுத்துத்தான் போயிருப்பார்கள். எத்தனை பேர் எந்த ரகம் என்பது படத்தில் இல்லை. மட்டமான பதிலால் திரும்பத் திரும்பத் தேடியவர்களை, ஆசையோடு தேடியதாக எண்ணிக்கொண்ட பிங்கின் கதையைப் பின்னால் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்ததற்கு இதுதான் காரணம்.

ஆற்றை எடுத்துவிட்டேன். கிழவியை விட்டுவைத்தேன். அந்தப் பெண்ணுக்கு இரண்டுக்கும் காரணம் எழுதினேன். "சரிங்க சார், இப்படியே ஒரு மாசம் போட்டுப் பாக்கலாம்" என்று பதில் வந்தது. போட்டுப் பார்க்கட்டும்.

மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். புஸ்தகம் தப்பா, அவன் செய்தது தப்பா என்று கேட்டிருந்தான் அல்லவா? புஸ்தகத்தில் ட்வைமன் விதி என்று ஒன்றைச் சொல்கிறார்கள். பார்த்தவுடன் பிரமிக்க வைக்கிற புள்ளிவிவரம் பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும் என்பது அந்த விதி. ஒரு பொத்தானை ஒருவர்கூடத் தொடவில்லை என்றால் அது பிரமிக்க வேண்டிய விஷயம் இல்லையா என்று அவனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அண்ணாச்சி அதைத்தான் சொல்லியிருக்கணும்" என்றான். சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த மனுஷர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், மெத்தை இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து ராத்திரி பகலாக இந்த சாப்ட்வேரை ஓட்டிக் காட்டியவராம். மழையில் இணைப்பு அறுந்ததை எத்தனை தடவை பார்த்திருப்பாரோ! அவருக்கே ஞாபகம் இருக்காது. தீயணைப்புத் தலைவர் சூட்டை உணர்ந்த மாதிரி அவர் உடம்பில் எங்கோ அது இருந்திருக்கிறது. அவன் அவரிடம், ஏன் என்று ஒரு தடவை கேட்டிருக்கிறான். பதில் வராததும் விட்டுவிட்டான். எண்ணிடம் மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அடுத்த மாசம் ஒரு ராத்திரி அதே ஆஸ்பத்திரிக் கவுண்ட்டரில் போய் உட்காரப் போகிறானாம். அண்ணாச்சியும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். பொத்தானைத் திரும்ப வைத்தாகிவிட்டது. இணைப்பு இல்லாதபோது அழுத்தினாலும் அங்கேயே குறித்துவைத்துக்கொண்டு, பிறகு அனுப்பும்படியும் செய்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது புஸ்தகத்தைத் திருப்பிக் கேட்டான். ஓரங்களில் பென்சிலால் நிறையக் கிறுக்கி வைத்திருந்தேன். புரட்டிப் பார்த்தவன் முகம் சுருங்கிவிட்டது. "மாமா, இது ஆபீஸ் லைப்ரரி புஸ்தகம்" என்றான். ரப்பரைத் தேடிக் கொடுத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து அழித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.